மூலமும் உரையும்: ஜீடிமெட்லாவில் ஒரு டைமர்

ஏற்றுமதி, இறக்குமதி என்ற இரு சொற்களை ஜீடிமெட்லாவில் உச்சரித்தால், கேட்பவர் மனத்தில் முதலில் எழுவது மருந்து மூலப்பொருள் நிரம்பிய நீலப் பீப்பாய்களும், அவற்றை ஏற்றிக்கொண்டு துறைமுகம் நோக்கிப் புறப்படும் கன்டெய்னர் லாரிகளும்தான். நான் எழுதப்போவது அவற்றைப் பற்றியன்று. ஆலை எந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு நிரல் எழுதும் மென்பொருளிலும் இதே பெயரில் இரண்டு கட்டளைகள் உண்டு. எழுதிய நிரலை அம்மென்பொருளுக்கு வெளியே ஒரு கோப்பாக எடுப்பது ஏற்றுமதி. வெளியிலிருந்து வந்த கோப்பை உள்ளே சேர்ப்பது இறக்குமதி. எழுத்தர் வேலை போலத் தோன்றும் இவ்விரண்டையும் சுற்றியே என் முனைவர் பட்ட ஆய்வின் கடந்த மூன்றாண்டுகள் கழிந்திருக்கின்றன. "அதில் ஆராய என்ன இருக்கிறது?" என்று வேற்றுத்துறை நண்பர்கள், குறிப்பாகத் தமிழாய்வில் இருப்பவர்கள், கேட்பதுண்டு. அவர்களை முன்னிலைப்படுத்தியே இதனை எழுதுகிறேன். பதிவு நீளமாக இருப்பின் பொறுத்தருள்க.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத்தின் வடக்கே, பாலாநகரைத் தாண்டி விரிவது ஜீடிமெட்லா தொழிற்பேட்டை. 1961இல் உருவான பொதுத்துறை நிறுவனமாகிய ஐடிபிஎல் பாலாநகரில் தன் மருந்தாலையை அமைத்தது. அங்கே தொழில் கற்ற வேதியியலாளர் பலர் பின்னர் வெளியேறித் தனித்தனி ஆலைகள் கண்டனர். 1984இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அஞ்சி ரெட்டியும் ஐடிபிஎல்லில் பணியாற்றியவரே. அதே பாலாநகரில் 1968இல் மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனமும் வந்தது. இவ்வாறு ஒருபுறம் வேதியியலும் மறுபுறம் எந்திரவியலும் வேரூன்றிய நிலத்தில், இரண்டுக்கும் இடையே மூன்றாவதாக ஒரு சிறுதொழில் முளைத்தது. அதற்கு அங்கே வழங்கும் பெயர் பேனல் கடை. இரண்டு தறிக்கொட்டகை அளவுள்ள ஓர் இடம். தகர அலமாரிகள், கம்பிச் சுருள்கள், ஒரு மேசை, ஒரு மடிக்கணினி. ஆலைக்குத் தேவையான மின்கட்டுப்பாட்டுப் பெட்டியைச் செய்து, அதற்குள் பிஎல்சி எனப்படும் கருவியைப் பொருத்தி, அதற்கான நிரலையும் எழுதித் தருபவர் அக்கடையின் உரிமையாளர். பெரும்பாலும் அவர் ஒருவரே வடிவமைப்பாளர், நிரலாளர், பழுதுபார்ப்பவர் எல்லாம். ஜீடிமெட்லாவின் நூற்றுக்கணக்கான ரியாக்டர்களின் நடத்தை இப்படிப்பட்ட தனிமனிதர்களின் மடிக்கணினிகளில்தான் எழுதப்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

பிஎல்சியின் கதை 1968இல் தொடங்குகிறது. கார் மாடல் மாறும்போதெல்லாம் ஆயிரக்கணக்கான ரிலேக்களின் கம்பிகளைப் பிரித்து மீண்டும் இணைக்க வேண்டியிருந்த தொல்லையிலிருந்து விடுபட அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு மாற்றைத் தேடியது. டிக் மோர்லி குழுவினர் உருவாக்கிய மோடிகான் 084 அத்தேடலுக்கு விடையாக வந்த கருவிகளுள் ஒன்று. கம்பியால் செய்ததை இனி எழுத்தால் செய்யலாம் என்பதே அதன் சாரம். மின்பணியாளருக்குப் பழகிய ரிலே வரைபடத்தையே நிரல்மொழியாகவும் வைத்துக்கொண்டார்கள். ஏணி போன்ற தோற்றமுடையதால் அதற்கு லேடர் என்று பெயர். கம்பியாக இருந்தவரை எதை மாற்றினாலும் கண்ணுக்குத் தெரியும். எழுத்தான பிறகு அந்த எழுத்தின் படி எங்கே இருக்கிறது, எது திருத்தமான படி, யார் எப்போது திருத்தினார் என்ற கேள்விகள் எழுந்தன. சுவடியியல் பயின்றோர்க்கு இக்கேள்விகள் புதியனவல்ல.

ஒரு பிஎல்சித் திட்டத்தில் இரண்டு வகைச் செய்திகள் உள்ளன. எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும், எந்த மோட்டார் எத்தனை நொடி ஓட வேண்டும் என்னும் கட்டளைகள் ஒரு வகை. இதனை மூலம் என்று கொள்வோம். இன்ன முகவரியில் இருப்பது இன்ன வால்வு என்ற பெயரட்டவணையும், ஒவ்வொரு கட்டளைக்கும் எழுதியவர் தம் மொழியில் தந்த விளக்கமும் இன்னொரு வகை. இதனை உரை என்று கொள்வோம். கருவி இயங்க மூலம் மட்டும் போதும். 1990களிலிருந்து இந்திய ஆலைகளில் பரவலாகப் பொருத்தப்பட்ட சீமென்ஸ் எஸ்7-300 போன்ற கருவிகளில், கட்டளைகள் மட்டுமே கருவிக்குள் இறங்கும். பெயர்களும் குறிப்புகளும் நிரலாளரின் கணினியிலேயே தங்கிவிடும். முழுத் திட்டத்தையும் நினைவட்டையில் சேமித்துவைக்க அக்கருவியிலேயே ஒரு வசதி உண்டு. நான் பார்த்த பேனல்களில் அதனைப் பயன்படுத்தியவர் மிகச் சிலர். ஆகவே பல்லாண்டு கழித்து ஒருவர் கருவியிலிருந்து நிரலை மேலே எடுத்தால் அவருக்குக் கிடைப்பது வெறும் மூலம். 'நைட்ரஜன் வால்வு' என்று எழுதப்பட்ட இடத்தில் 'ஏ 4.2' என்றிருக்கும். 'கழுவும் நேரம்' என்றிருந்த இடத்தில் 'டி 37' என்றிருக்கும்.

தமிழுக்கு இந்நிலை அறிமுகமானதே. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பிக்க எத்தனை ஏடுகளை ஒப்பிட்டார் என்பதை நாம் மாணவப் பருவத்திலேயே படித்துவிடுகிறோம். உரையின் துணையின்றி மூலத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு சொல்லுக்கு முன் நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்று பதிப்பாசிரியர்க்குத் தெரியும். ஒரு வேறுபாடு உண்டு. சுவடியில் ஒரு சொல்லைத் தவறாகப் பொருள்கொண்டால் மறுப்புக் கட்டுரை வரும். ஜீடிமெட்லாவில் டொலுயீன் ஆவி நிறைந்த ரியாக்டரில் தவறாகப் பொருள்கொண்டால் வருவது வேறு.

அந்த டி 37க்கு வருகிறேன்.

மருந்து இடைப்பொருள் தயாரிக்கும் ஆலை ஒன்று, பெயர் வேண்டாம். அங்கே 2006இல் நிறுவப்பட்ட எஸ்7-300 பேனல் 2,000 லிட்டர் ரியாக்டர் ஒன்றை இயக்கிவந்தது. 2023 அக்டோபரோடு அவ்வரிசைக் கருவிகளின் வழக்கமான விற்பனை முடிவுக்கு வரும், அதன்பின் 2033 வரை உதிரியாக மட்டும் கிடைக்கும் என்று சீமென்ஸ் அறிவித்திருந்தது. ஆகவே புதிய எஸ்7-1500 கருவிக்கு மாறுவதென ஆலை முடிவெடுத்தது. நிரலை எழுதிய பேனல் கடைக்காரர் 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் காலமாகிவிட்டார். பராமரிப்புப் பிரிவுத் தலைவர் தூத்துக்குடிக்காரர். முப்பதாண்டாக ஹைதராபாத்தில் இருந்தும் பேச்சு மாறாதவர். என் ஆய்வு பற்றிக் கேள்விப்பட்டு அழைத்தார். பேனலைத் திறந்து காட்டியபடியே அவர் சொன்னது: "தம்பி, மெசின் நல்லாத்தான் ஓடுது. ஏன் இப்படி ஓடுதுன்னு சொல்லத்தான் ஆள் இல்ல."

கருவியிலிருந்து நிரலை எடுத்தோம். எதிர்பார்த்தபடியே பெயரில்லை, குறிப்பில்லை. வரிசையாகப் படித்துக்கொண்டு போனதில் பெரும்பாலானவை இரண்டு நாளில் விளங்கின. மோட்டார் இன்னது, வெப்பநிலை இன்னது என்று கம்பியைப் பிடித்துக்கொண்டே போய்ப் பெயர் வைத்துவிடலாம். ஆனால் ஒரு டைமர் எந்தக் கம்பியோடும் இணைந்ததன்று. அது நிரலுக்குள்ளேயே பிறந்து நிரலுக்குள்ளேயே முடிவது. டி 37 ஏழு நிமிடம் காத்திருந்தது. அந்த ஏழு நிமிடமும் 'ஏ 4.2' திறந்திருந்தது. அது முடிந்த பிறகே கரைப்பான் உள்ளே வர அனுமதி. அண்ணாச்சி பார்த்தவுடனே சொல்லிவிட்டார்: "நைட்ரஜன் விடுறது. ஆனா ஏழு எதுக்கு? பக்கத்து ரியாக்டர்ல நாலுதான்."

காலியான ரியாக்டருக்குள் இருப்பது காற்று. அதில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. எரியக்கூடிய கரைப்பானை அதற்குள் ஊற்றினால் ஆவியும் ஆக்சிஜனும் சேர்ந்து ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். கரைப்பான் குழாயில் பாயும்போது எழும் நிலைமின்னே அப்பொறியாக அமையலாம். அதனால் முன்கூட்டியே நைட்ரஜனைச் செலுத்திக் காற்றை வெளியேற்றுவார்கள். ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி இருந்தால் அதன் அளவீட்டைப் பார்த்து முடிவெடுக்கலாம். பழைய சிறு ஆலைகள் பலவற்றில் அக்கருவி கிடையாது. நேரத்தை மட்டும் நம்பியே கழுவுதல் நடக்கும். ஆகவே அந்த எண், ஓர் எண் மட்டுமன்று. இல்லாத ஓர் அளவுக்கருவிக்கு மாற்றாக நிற்பது.

காலமானவரின் மகன் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரிகிறார். ஷாப்பூர் நகரில் பூட்டிக்கிடந்த கடையைத் திறந்து, தந்தையின் பழைய வன்வட்டை எங்களிடம் தந்தார். "நாணா அந்தா இந்துலோனே பெட்டேவாரு" என்றார். அப்பா எல்லாவற்றையும் இதில்தான் வைப்பார் என்று பொருள். வைத்திருந்தார்தான். அந்த ஆலையின் பெயரில் மூன்று காப்பகக் கோப்புகள். ஒன்றின் பெயர் 'ஃபைனல்', அடுத்தது 'ஃபைனல் 2', மூன்றாவது 'ஃபைனல் நியூ'. உலகெங்கும் ஆய்வேடு எழுதுவோர்க்கு இப்பெயர்கள் எவ்வளவு நெருக்கமானவை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றிலும் உரை இருந்தது, அருமையான உரை. தெலுங்கை ஆங்கில எழுத்தில் எழுதி, இடையிடையே ஜெர்மன் சுருக்கங்களும் கலந்திருந்தன. கட்டளைப் பெயர்களையும் அவர் ஜெர்மன் முறையிலேயே வைத்திருந்தார். இதில் ஒரு சுவையான சிக்கல் உண்டு. ஜெர்மன் முறையில் 'ஏ' என்ற எழுத்து வெளியீட்டைக் குறிக்கும். ஆங்கில முறையில் அதே எழுத்து 'மேலும்' என்னும் தருக்க இணைப்பைக் குறிக்கும். நிரலை உரைக்கோப்பாக ஏற்றுமதி செய்து, ஆங்கில முறைக்கு அமைத்த கணினியில் இறக்குமதி செய்தால் மென்பொருள் வரிக்கு வரி பிழை என்று அலறும். அலறுவது நல்லது என்பேன். அமைதியாக ஏற்றுக்கொள்ளும் இறக்குமதிகளையே நான் அஞ்சுகிறேன்.

அப்படி ஒன்று எங்களுக்கு அடுத்த நாளே வாய்த்தது. பெயரட்டவணையைக் கோப்பாக எடுத்து எக்செல்லில் திறந்தபோது, ஆலையின் முதல் பிரிப்பான் 'செப்டம்பர் 1' என்னும் தேதியாக உருமாறியிருந்தது. செபரேட்டர் என்பதன் முதல் மூன்று ஆங்கில எழுத்துகளோடு ஓர் எண்ணைச் சேர்த்தால் எக்செல் அதனைத் தேதியென்று முடிவுகட்டிவிடும். உயிரியலார் இதே தொல்லையில் பல்லாண்டு உழன்று, கடைசியில் 2020இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு செப்டின் மரபணுக்களின் குறியீடுகளையே மாற்றிவைத்தது. எக்செல்லைத் திருத்துவதைவிட மனித மரபணுவின் பெயரைத் திருத்துவது எளிதாக இருந்தது என்பது நம் காலத்தின் நகைச்சுவைகளுள் ஒன்று. பொறியியலாரிடம் அப்படி ஒரு குழு இல்லை. பிரிப்பானின் பெயரை நாங்கள் கையால் மீட்டோம்.

இனி மூன்று ஏடுகளில் எதை நம்புவது? மென்பொருளில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. கருவிக்குள் ஓடும் நிரலையும் கணினியிலுள்ள நிரலையும் பகுதி பகுதியாக ஒப்பிட்டு, எது எங்கே வேறுபடுகிறது, எப்பகுதி எந்த நாளில் கடைசியாகத் திருத்தப்பட்டது என்று காட்டும். 'ஃபைனல் 2' ஏறத்தாழ முழுமையாகப் பொருந்தியது. ஒரே ஒரு பகுதி மட்டும் விலகி நின்றது. கணினியில் அதன் தேதி 2011. கருவியில் 2014 மார்ச். திறந்து பார்த்தால் ஒரே ஒரு பாடபேதம். டி 37, ஏட்டில் நான்கு நிமிடம், கருவியில் ஏழு.

ஏட்டில் அதற்கு உரையும் இருந்தது. பழைய ஸ்டெப் 7 மென்பொருளில் ஒரு குறியீட்டின் பெயருக்கு 24 எழுத்தும் அதன் விளக்கத்துக்கு 80 எழுத்தும்தான் இடம். அந்த எண்பதுக்குள் அவர் சுருக்கமாக எழுதியிருந்ததன் பொருள்: நைட்ரஜன் மணிக்கு 60 கனமீட்டர், நான்கு நிமிடம் போதும். கணக்கு சரிதான். நிமிடத்துக்கு ஒரு கனமீட்டர். நான்கு நிமிடத்தில் நான்கு கனமீட்டர். 2 கனமீட்டர் ரியாக்டருக்கு அது இருமடங்கு. நைட்ரஜனும் காற்றும் உடனுக்குடன் சீராகக் கலக்கின்றன என்று வைத்துக்கொண்டால், முடிவில் எஞ்சும் ஆக்சிஜன் 3 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. டொலுயீன் போன்ற கரைப்பானுக்கு அது பாதுகாப்பான அளவு.

இவ்விடத்தில் என் துறையின் பொது அறிவுரை என்னவென்று சொல்லியாக வேண்டும். பெயரும் குறிப்புமுள்ள திட்டக்கோப்பு கிடைத்துவிட்டால் அதனையே மூலப்படியாகக் கொண்டு புதிய மென்பொருளுக்கு மாற்றுக என்பார்கள். மாற்றித்தரும் கருவிகளும் அதைத்தான் எதிர்பார்க்கின்றன. உரையுள்ள கோப்பைக் கொடுத்தால் அழகாக உள்வாங்கிக்கொள்ளும். அறிவுரையை அப்படியே பின்பற்றியிருந்தால் புதிய கருவியில் டி 37 நான்கு நிமிடமாக இறங்கியிருக்கும், தெளிவான விளக்கத்தோடு, ஒரு பிழைச்செய்தியும் இன்றி. ஒரே ஒரு எண் வேறுபாடு, அதிலும் குறிப்புள்ள பக்கம் நான்கு என்கிறது, பக்கத்து ரியாக்டரும் நான்கு என்கிறது. ஆலையின் இளம்பொறியாளர் ஒருவர் இதைச் சொல்லவும் செய்தார்: யாரோ சோதனைக்காக ஏழாக்கிவிட்டு மறந்திருப்பார்கள், ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடம் வீண். அவரைக் குறைசொல்ல மாட்டேன். சான்றுகளை எண்ணிக்கையால் எடைபோடும் எவரும் அதைத்தான் சொல்வர்.

அண்ணாச்சி மட்டும், "2014ல ஷிஃப்ட் பார்த்தவர் ஒருத்தர் காஜுலராமாரத்துல இருக்காரு, கேட்டுட்டு வருவோம்" என்றார்.

ஓய்வுபெற்ற அந்த ஆப்பரேட்டர் பேரக்குழந்தையை மடியில் வைத்தபடி எங்களிடம் பேசினார். டி 37 என்ற பெயரே அவருக்குத் தெரியாது. 2014இன் தொடக்கத்தில் அருகில் ஒரு மூன்றாவது ரியாக்டர் வந்ததை நினைவுகூர்ந்தார். நைட்ரஜன் குழாயை அதனோடு பகிர்ந்துகொண்டார்கள். அதன்பின் இந்த ரியாக்டரின் ரோட்டாமீட்டர் மிதவை அறுபதுக்கு ஏறவே இல்லை, முப்பத்தைந்திலேயே நின்றுவிட்டது. அவர் பேனல் கடைக்காரரிடம் சொன்னார். அவர் வந்து பார்த்துவிட்டு, மடிக்கணினியைச் செருகி ஏதோ மாற்றிவிட்டு, "இனி கொஞ்சம் அதிக நேரம் ஆகும், அவசரப்படுத்தாதீர்கள்" என்று சொல்லிப் போனார். அவ்வளவுதான். பணம்கூட வாங்கவில்லையாம்.

மணிக்கு 35 கனமீட்டர் என்றால் ஏழு நிமிடத்தில் நான்கு கனமீட்டருக்கு அருகில் வரும். எண் மாறியிருந்தது, உள்ளே போகும் நைட்ரஜனின் அளவு மாறவில்லை. அந்த மனிதர் மனக்கணக்காகவே போட்டிருக்க வேண்டும். நாங்கள் நான்கு நிமிடத்தை இறக்குமதி செய்திருந்தால் 2.3 கனமீட்டர்தான் போயிருக்கும். அதே இலட்சியக் கலவைக் கணக்கில் எஞ்சும் ஆக்சிஜன் 6.5 விழுக்காடு. டொலுயீனைப் பொறுத்தவரை ஆக்சிஜன் ஏறத்தாழ 9 விழுக்காட்டைக் கடந்தால் தீப்பற்றும் நிலை வந்துவிடும். ரியாக்டரின் மூலை முடுக்குகளில் கலவை ஒருபோதும் இலட்சியமாக இருப்பதில்லை. மிச்சமிருக்கும் இடைவெளியை நம்பி அதற்குப் பக்கத்தில் நிற்க நான் துணியமாட்டேன். 2025 ஜூன் 30 அன்று பாஷமைலாரத்தில் நடந்த வெடிவிபத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். நான் சொல்லும் நிரல் சிக்கலுக்கும் அதற்கும் எத்தொடர்பும் இருப்பதாகச் சொல்லவில்லை. ஆயினும் அந்நாளுக்குப் பிறகு இத்தொழிற்பேட்டைகளில் 'மூன்று நிமிடம் வீண்' என்ற பேச்சை என்னால் இயல்பாகக் கேட்க முடிவதில்லை.

தமிழாய்வு நண்பர்களுக்கு இங்கே ஒரு கேள்வி. உரையுள்ள ஏடு பிற்காலத்துக்குப் பொருந்தாததாகவும், உரையற்ற ஏடு ஆசிரியரின் கடைசித் திருத்தத்தைக் கொண்டதாகவும் இருக்கும்போது உங்கள் மரபு எதைப் பதிப்பிக்கிறது? யாப்பருங்கல விருத்தி போன்ற உரைகளில் மேற்கோளாக மட்டுமே எஞ்சிய, மூலம் மறைந்துபோன நூல்கள் பல நமக்கு உண்டு. எங்களுக்கு நேர்ந்தது அதன் மறுதலை. உரை ஒருவர் மடியில் பேரக்குழந்தையோடு இருந்தது.

கருவிகளுக்கிடையே நிரல்களைக் கொண்டுசெல்ல உலகளாவிய முயற்சி ஒன்றும் நடந்திருக்கிறது. நிரல்மொழிகளை ஒழுங்குபடுத்திய ஐஇசி 61131-3 தரநிலை 1993இல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கப்பட்ட பிஎல்சிஓப்பன் என்னும் அமைப்பு, எந்த நிறுவனத்தின் மென்பொருளிலிருந்தும் எதற்கும் நிரலைக் கொண்டுசெல்லத்தக்க எக்ஸ்எம்எல் வடிவமொன்றை வகுத்தது. அது 2019இல் ஐஇசி 61131-10 என்ற பெயரில் தரநிலையாயிற்று. மூலம் மட்டுமன்றிக் குறிப்புகளும், திரையில் ஏணியின் படிகள் எந்த இடத்தில் வரையப்பட்டன என்பதும்கூட அதில் பயணிக்கும். கோடெசிஸ் குடும்பத்து மென்பொருள்கள் இதனை நன்கு ஆதரிக்கின்றன. ஆனால் சந்தையின் பெரிய நிறுவனங்கள் தத்தமக்கெனத் தனி வடிவங்களையே முதன்மையாக வைத்திருக்கின்றன. ராக்வெல்லுக்கு எல்5எக்ஸ், சீமென்ஸுக்கு அதன் சொந்த எக்ஸ்எம்எல். இவையும் திறந்து படிக்கத்தக்க உரைக்கோப்புகளே என்பது ஓர் ஆறுதல். மூடிய இருமக் கோப்பைப் பத்தாண்டு கழித்துத் திறக்க அதே பதிப்பு மென்பொருளும் உரிமமும் வேண்டும். உரைக்கோப்பை எந்தக் கணினியிலும் திறந்து கண்ணால் படிக்கலாம், இரண்டு படிகளை வரிக்கு வரி ஒப்பிடலாம். எங்கள் ஆலை நிரலின் பெரும்பகுதி எழுதப்பட்டிருந்த கட்டளைப் பட்டியல் வகை மொழி, தரநிலையின் 2013 பதிப்பில் கைவிடத்தக்கதென்று குறிக்கப்பட்டு, 2025 பதிப்பில் நீக்கப்பட்டே விட்டது. இறந்துகொண்டிருக்கும் மொழியில் எழுதப்பட்ட நிரல்கள் இந்நாட்டில் எத்தனை ஆலைகளை ஓட்டுகின்றன என்று எண்ணிப் பார்க்கவே தலை சுற்றுகிறது.

எந்த வடிவமும் 2014 மார்ச்சின் காரணத்தைக் கொண்டுவந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எழுதப்படாததை ஏற்றுமதி செய்யும் கட்டளை எம்மென்பொருளிலும் இல்லை. அவர் ஆலையில் நின்றபடி, கருவியோடு நேரடியாக இணைந்து எண்ணை மாற்றினார். கடைக்குத் திரும்பியபின் தம் கோப்பில் அதனைச் சேர்க்கவில்லை. காரணம் எதுவாகவும் இருந்திருக்கலாம். அன்று மாலை வேறோர் ஆலையில் மோட்டார் நின்றிருக்கலாம்.

சட்டத்தின் பக்கமும் ஒரு வியப்பு உண்டு. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி கணினி நிரல் ஓர் இலக்கியப் படைப்பு. ஊழியர் பணிநிமித்தம் எழுதினால் உரிமை முதலாளிக்கு. வெளியாளாகிய பேனல் கடைக்காரர் எழுதினாலோ, எழுத்துமூலம் மாற்றித் தந்தாலன்றி உரிமை அவரிடமே நிற்கும். ஆலை பணம் தந்தது, கருவி ஆலையின் சுவரில் இருக்கிறது, ஆனால் நிரல் அவருடையது. அவருக்குப் பின் அவர் குடும்பத்தினுடையது. நான் பார்த்த கொள்முதல் ஆணைகளில் பேனலின் தகரத் தடிமன் மில்லிமீட்டரில் குறிக்கப்பட்டிருக்கிறது. நிரலின் உரிமை பற்றியோ, அதனை எந்த வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்பது பற்றியோ ஒரு வரி இல்லை. கடைக்காரர்களும் இதனை அறிவர். அடுத்த பழுதுக்கும் தம்மையே அழைக்க வேண்டும் என்பதற்காகக் கோப்பைத் தராமல் வைத்துக்கொள்வோரும், நிரல்பகுதிகளைப் பூட்டிவிடுவோரும் உண்டு. அவர்களைப் பேராசைக்காரர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பேனலுக்குத் தரும் விலையில் நிரலுக்கென்று தனித்தொகை வைக்காத ஆலையிடம், சிறு கடைக்காரர் தம் பிழைப்பைக் காத்துக்கொள்ளும் வழி அது ஒன்றுதான். நிரலுக்குத் தனியே விலை கொடுங்கள், பெயரட்டவணையோடும் குறிப்புகளோடும் உரைக்கோப்பாகக் கேட்டு வாங்குங்கள், ஆண்டுக்கொருமுறை கருவியில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதுவரை இரண்டு ஆலைகள் கேட்டிருக்கின்றன.

காலமானவரின் மகனிடம் ஆலை எழுத்துமூலம் அனுமதி பெற்றது. சிறு தொகையும் தந்தது. அத்தொகை போதுமா என்று என்னைக் கேட்டால், போதாது என்பேன். புதிய நிரலில் கட்டளைகளைக் கருவியிலிருந்தும், பெயர்களை 'ஃபைனல் 2' கோப்பிலிருந்தும் எடுத்துச் சேர்த்தோம். அவருடைய தெலுங்குக் குறிப்புகளை நீக்காமல் அப்படியே வைத்து, அவற்றின்கீழ் எங்கள் குறிப்புகளைத் தேதியிட்டு எழுதினோம். டி 37இன் குறிப்பில் குழாய்ப் பகிர்வும், ரோட்டாமீட்டர் அளவீடும், கணக்கும், இதைச் சொன்னவர் அந்நாளைய ஷிஃப்ட் ஆப்பரேட்டர் என்பதும் இருக்கின்றன. நைட்ரஜன் ஓட்டம் 35க்குக் கீழே போனால் கரைப்பான் வால்வு திறக்காதபடி ஓட்ட உணரி ஒன்றை இணைக்க வேண்டும் என்று அண்ணாச்சி விடாப்பிடியாக நின்று ஒப்புதல் வாங்கிவிட்டார். ஆக்சிஜன் அளவீட்டுக் கருவிக்கு விலைப்புள்ளி வந்திருக்கிறது. அடுத்த ஆண்டு நிதியில் பார்க்கலாம் என்கிறார்கள்.

இப்பதிவைப் படிப்போரில் ஜீடிமெட்லா, பாலாநகர், அம்பத்தூர், ராணிப்பேட்டை, கடலூர் சிப்காட் பகுதிகளில் பேனல் வேலை பார்த்தவர்களோ, அவர்களின் பிள்ளைகளோ இருப்பின், வீட்டில் கிடக்கும் பழைய வன்வட்டுகளையும் குறிப்பேடுகளையும் வீசிவிடாதீர்கள். எனக்கு உள்பெட்டியில் ஒரு வரி எழுதினால் நானே வந்து பார்க்கிறேன். ஆலையின் பெயர் சொல்ல வேண்டியதில்லை. வன்வட்டு சுழலாவிட்டாலும் பரவாயில்லை, குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதியவையே பல நேரங்களில் போதுமானவையாக இருக்கின்றன.